கோத்தகிரிக் குளிரில் பழைய போனுக்கு டிஸ்ப்ளே மாற்றுவது

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். அம்மாவின் ரெட்மி நோட் 4 கை தவறி விழுந்து கண்ணாடி முழுக்க விரிந்துவிட்டது. அழைப்பு வருகிறது, படம் தெரிகிறது, ஆனால் கீழ்ப்பாதியில் டச் எடுக்கவில்லை. இங்கே கடையில் அந்த மாடலுக்கு டிஸ்ப்ளே இல்லை, கோவையிலிருந்து வரவழைக்க வேண்டும் என்கிறார்கள். நானே வாங்கி வீட்டில் மாட்ட முடியுமா?

பதில்:

முடியும். இந்த மாடல் அதற்குத் தோதானதுதான். 2017 ஜனவரியில் இந்தியாவில் வெளியான போன் இது. 5.5 அங்குல எல்சிடி திரை, உலோகப் பின்மூடி. மூடியைக் கழற்றினால் பேட்டரியும் போர்டும் நேராகக் கண்ணுக்குத் தெரியும். பின்னால் வந்த கண்ணாடி முதுகு போன்களைப் போல முதுகைச் சூடாக்கி அறுத்துத் திறக்கும் வேலை இதில் இல்லை. முதல் முறை செய்கிறவர் மூன்று மணி நேரம் ஒதுக்கிக்கொண்டால் அவசரமில்லாமல் முடிக்கலாம்.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் பெரும்பாலும் 25, 30 டிகிரி வெப்பமுள்ள அறையை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை. மலையில் திருகு கழற்றுவதில் யாரும் அதிகம் தோற்பதில்லை. பசை இறுகாமல் போவது, உள்ளே ஈரக்காற்று அடைபடுவது, குளிரில் நல்ல டிஸ்ப்ளேயைக் கெட்டது என்று நினைத்துத் திருப்பி அனுப்புவது, இவற்றில்தான் வேலை கெடுகிறது. அதனால் வழக்கமான செய்முறையோடு இந்த ஊருக்கான மாற்றங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் போனில் இருப்பதைக் காப்பாற்றுங்கள்

டச் பாதி வேலை செய்யும்போதே படங்களையும் தொடர்பு எண்களையும் நகல் எடுத்துவிடுங்கள். கீழ்ப்பாதி எடுக்காததால் பின் எண் போட முடியவில்லை என்றால், மைக்ரோ யுஎஸ்பி ஓடிஜி அடாப்டர் ஒன்று வாங்கி, கம்ப்யூட்டரின் சாதாரண மவுஸைப் போனில் செருகுங்கள். திரையில் அம்புக்குறி வரும், அதைக் கொண்டே எல்லாம் செய்யலாம். டிஸ்ப்ளே மாற்றுவதால் தகவல் அழியாது. ஆனால் வேலைக்கு நடுவே போர்டுக்கு ஏதாவது ஆனால் மீட்பது கடினம். விரிசல் இன்று டச்சோடு நிற்கிறது, நாளை கறுப்பு மை பரவினாற்போல் படமும் போகலாம்.

எந்தப் பாகத்தை வாங்குவது

உங்கள் வேலை எளிதா கடினமா என்பது பாகம் வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது. கடைக்காரர்கள் காம்போ, ஃபோல்டர் என்று சொல்வது இரண்டும் ஒன்றுதான். மேல் கண்ணாடி, டச், எல்சிடி மூன்றும் ஒட்டியே வரும் தொகுப்பு அது. மேல் கண்ணாடியை மட்டும் வாங்கி மாற்றலாம், விலை குறைவு என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கம் போகாதீர்கள். எல்சிடியையும் கண்ணாடியையும் ஒட்டும் தெளிந்த பசைப்படலத்தைக் காற்றுக்குமிழி இல்லாமல் பதிக்க வெற்றிட இயந்திரம் வேண்டும். உங்களுக்கு டச்சே போய்விட்டதால் வெறும் கண்ணாடி உதவவும் உதவாது.

காம்போவிலும் இரண்டு வகை. ஒன்று ஃப்ரேம் இல்லாதது. இதற்குப் பழைய திரையைச் சட்டத்திலிருந்து சூடாக்கிப் பிய்த்து, பசை சுரண்டி, புதியதை ஒட்ட வேண்டும். இன்னொன்று ஃப்ரேமோடு வருவது. திரை தொழிற்சாலையிலேயே சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும். நீங்கள் போர்டு, பேட்டரி முதலியவற்றைப் பழைய சட்டத்திலிருந்து புதியதற்கு மாற்றினால் போதும். சில நூறு ரூபாய் கூடும். வீட்டில் முதல் முறை செய்கிறவர், அதுவும் மலையில் இருப்பவர், கண்ணை மூடிக்கொண்டு ஃப்ரேமோடுதான் வாங்க வேண்டும். பசை வேலை முழுவதும் ஒழிந்தது. விழுந்ததில் பழைய சட்டத்தின் மூலை நசுங்கியிருந்தால் அந்தப் பிரச்சினையும் சேர்ந்தே தீரும். நசுங்கிய சட்டத்தில் புதுக் கண்ணாடியை ஒட்டினால், அந்த மூலையின் அழுத்தத்திலேயே சில வாரத்தில் மறுபடி விரியும்.

இந்த மாடலில் ஒரு பொறி உண்டு. ரெட்மி நோட் 4 என்ற ஒரே பெயரில் மீடியாடெக் சிப் வைத்த ஒன்றும் ஸ்னாப்டிராகன் 625 வைத்த ஒன்றும் வந்தன. இரண்டின் டிஸ்ப்ளேயும் வேறு. இந்தியாவில் விற்றது ஸ்னாப்டிராகன். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்த போன் என்றால் அதில் எந்தச் சிப் என்று உறுதி செய்துகொண்டு ஆர்டர் போடுங்கள். திரையின் முன்பக்க நிறத்தையும் சொல்லி வாங்குங்கள்.

பார்சல் வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். திரையின் மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை உரித்துவிட்டால் பெரும்பாலான விற்பனையாளர்கள் திரும்ப எடுக்க மாட்டார்கள். சோதித்து முடிக்கும் வரை அது அப்படியே இருக்கட்டும். குளிரில் வந்த பெட்டியை உடனே திறக்காமல் வேலை செய்யும் அறையிலேயே இரண்டு மணி நேரம் வையுங்கள். சில்லிட்ட கண்ணாடி வெதுவெதுப்பான அறைக்கு வந்ததும் அதன் மேல் நீராவி படியும். பெட்டிக்குள்ளேயே மெல்லச் சூடேறினால் அந்த ஈரம் வராது.

பாகத்தின் விலை, இந்தப் போனைப் பழையதாக விற்றால் கிடைக்கும் தொகையில் பாதியைத் தாண்டினால் யோசியுங்கள். பேட்டரியும் தளர்ந்திருந்தால் அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். எப்படியும் பேட்டரியைக் கழற்றத்தான் போகிறீர்கள், புதியது போட இதைவிட நல்ல சமயம் கிடையாது.

கருவிகள்

மெல்லிய நட்சத்திர முனைத் திருப்புளி, பிஹெச் 00, பிஹெச் 000 என்ற இரண்டு அளவு. கீழ் விளிம்புத் திருகுக்கு 0.8 மில்லிமீட்டர் ஐந்திதழ் முனை. வளைந்த ட்வீசர், பிளாஸ்டிக் ஓப்பனர், காலாவதியான ஏடிஎம் அட்டை ஒன்று, பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூல், அகலமான செல்லோ டேப். கத்தியும் இரும்புத் திருப்புளியும் போனின் பக்கமே வரக்கூடாது.

துடைக்க 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வேண்டும். மெடிக்கலில் ஸ்பிரிட் என்று கேட்டால் தருவதில் தண்ணீர் கணிசமாக இருக்கும். மூடுபனி நாளில் அந்த ஈரம் சீக்கிரம் உலராது. கை கழுவும் சானிடைசர் ஜெல் கூடவே கூடாது, அதிலுள்ள கிளிசரின் கனெக்டர்களில் படலமாக நின்றுவிடும்.

நாளும் இடமும்

தென்மேற்குப் பருவமழை ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஓங்கும். உங்கள் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. அந்த நாட்களில் வீட்டுக்குள் காற்றே நனைந்திருக்கும். அப்போது திறந்து மூடினால் ஈரக்காற்று உள்ளே தங்கி, மறுநாள் விடியற்காலைக் குளிரில் கேமரா கண்ணாடியின் உட்புறம் புகை படிந்ததுபோல் மங்கும். வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து, காலை 11 மணிக்கு மேல், ஜன்னலோர மேசையில் உட்காருங்கள். சமையலறை வேண்டாம், குக்கர் ஆவி சுவரெல்லாம் நிற்கும். கணப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம். ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர் என்று இருந்தால் பிளாஸ்டிக்கும் பசையும் சீராக நடந்துகொள்ளாது. திறந்து கிடக்கும் பேட்டரியைத் தணல் பக்கம் வைப்பது ஆபத்து.

ஜனவரி, பிப்ரவரியில் நிலைமை நேர்மாறு. காற்று உலர்ந்திருக்கும், எல்லோரும் கம்பளி ஸ்வெட்டரில் இருப்போம். ஸ்வெட்டரைக் கழற்றும்போது படபடவென்று பொறி தெறிக்குமே, அந்த நிலைமின்சாரம் டிஸ்ப்ளேயின் சிப்பைக் கொல்லப் போதும். பருத்திச் சட்டையோடு உட்காருங்கள். பாகத்தைத் தொடுமுன் இரும்புக் குழாயில் பொருத்திய தண்ணீர்க் குழாய்த் திருகை ஒரு முறை தொடுங்கள். மேசையில் கம்பளி, சால்வை எதுவும் விரிக்க வேண்டாம். வெள்ளைத் தாள் போதும்.

திறப்பது

பேட்டரியை 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கவிட்டு அணைத்துவிடுங்கள். சார்ஜ் நிறைந்த பேட்டரி தவறிக் குத்துப்பட்டால் எரியும் வேகம் மிக அதிகம். சிம் தட்டை வெளியே எடுங்கள். இதை மறந்து மூடியை நெம்பித் தட்டை வளைப்பவர்கள் நிறையப் பேர். உடைந்த கண்ணாடியின் மேல் செல்லோ டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுங்கள், சிம்பு தெறிக்காது. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

சார்ஜர் துளையின் இருபுறமும் திருகு இருக்கிறதா என்று பார்த்துக் கழற்றுங்கள். பிறகு பின்மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவே ஏடிஎம் அட்டையின் மூலையைச் செருகி, பக்கவாட்டில் மெல்ல நகர்த்துங்கள். கொக்கிகள் ஒவ்வொன்றாக டிக் என்று விடும். மூடி முழுவதும் விட்டதும் சட்டென்று தூக்கிவிடாதீர்கள். கைரேகை சென்சார் மூடியில் இருக்கிறது, அதன் ஃப்ளெக்ஸ், அதாவது நாடா போன்ற மெல்லிய இணைப்பு வயர், போர்டோடு பூட்டியிருக்கும் என்றே எண்ணித் திறங்கள். புத்தகத்தைப் போல் ஒரு பக்கமாக விரித்து, அந்தக் கனெக்டரை ஓப்பனரால் தூக்கிவிட்டு, அப்புறம் மூடியைத் தனியே எடுங்கள். அந்த ஃப்ளெக்ஸ் கிழிந்தால் கைரேகை போயிற்று.

இப்போது திருகுகள். வெள்ளைத் தாளில் போனின் உருவத்தைப் பெரிதாக வரைந்து, எடுக்கும் ஒவ்வொரு திருகையும் அது இருந்த இடத்திலேயே செல்லோ டேப்பால் ஒட்டுங்கள். இதைச் சோம்பலாக விட்டுவிடக் கூடாது. திருகுகளின் நீளம் அரை மில்லிமீட்டர் வித்தியாசப்படும். குட்டைத் திருகின் துளையில் நெட்டையைப் போட்டு இறுக்கினால் அது போர்டின் அடுக்கைத் துளைக்கும், அல்லது அடியிலிருந்து புதுத் திரையைக் குத்தும். திரையில் காரணமில்லாமல் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தால் பெரும்பாலும் இதுதான்.

போர்டை மூடியிருக்கும் தகட்டையோ பிளாஸ்டிக்கையோ எடுத்ததும், முதல் வேலை பேட்டரி கனெக்டரைத் தூக்குவது. அது இணைந்திருக்கும்போது டிஸ்ப்ளே கனெக்டரைப் பிடுங்கினால் பின்வெளிச்சத்துக்கு மின்சாரம் போகும் பாதை பொசுங்கும். அப்படியானால் புது டிஸ்ப்ளே போட்டாலும் படம் இருட்டாகவே இருக்கும், டார்ச் அடித்துப் பார்த்தால் மட்டும் மங்கலாகத் தெரியும்.

மாட்டாமலே ஒரு சோதனை

எதையும் இடம் மாற்றுமுன் புதுக் காம்போவின் ஃப்ளெக்ஸைப் போர்டில் செருகிப் பார்த்துவிடுங்கள். பழைய டிஸ்ப்ளே கனெக்டரைத் தூக்கி, புதியதைப் பக்கத்தில் கிடத்தி, ஃப்ளெக்ஸ் முறுகாமல் எட்டுகிறபடி வைத்துப் பூட்டுங்கள். கனெக்டரை விரலால் தடவிச் சரியாக உட்கார்ந்ததை உணர்ந்த பிறகே ஒரு முனை, அடுத்து மறுமுனை என்று அழுத்த வேண்டும். பொருந்தாமல் நடுவில் அழுத்தினால் உள்ளே முள் மடங்கும். கடைசியாகப் பேட்டரியை இணைத்து ஆன் செய்யுங்கள்.

டயலரில் *#*#6484#*#* என்று அடித்தால் ஷாவ்மியின் வன்பொருள் சோதனைப் பக்கம் வரும். அதில் டச், நிறம், வெளிச்சம், அருகாமை சென்சார் எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள். திரைக்குக் கீழே இருக்கும் மூன்று தொடு பொத்தான்களையும் அழுத்திப் பாருங்கள். அறை குளிர்ந்திருந்தால் படம் நகரும்போது பின்னால் நிழல் இழுப்பதுபோல் தெரியலாம். எல்சிடிக்குள் இருக்கும் திரவப் படிகம் குளிரில் குழகுழவென்று தடிப்பதால் வருவது அது. அறை 20 டிகிரியை ஒட்டி வந்ததும் போய்விட்டால் டிஸ்ப்ளே நல்லது. கோடு, கறை, எடுக்காத பட்டை ஆகியவை வெப்பத்தால் மாறாது. அவை தெரிந்தால் பாதுகாப்புத் தாளை உரிக்காமல் அப்படியே திருப்பி அனுப்புங்கள்.

புதுச் சட்டத்துக்கு மாற்றுவது

மறுபடி அணைத்து, பேட்டரி கனெக்டரைத் தூக்கி, ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். பேட்டரிதான் பயப்பட வேண்டிய ஒரே பாகம். அது சட்டத்தில் பசையால் ஒட்டியிருக்கும். இழுக்க நாடா இருந்தால் தாழ்வான கோணத்தில் மெதுவாக இழுங்கள். வராவிட்டால் ஊசியில்லாத சிரிஞ்சில் ஆல்கஹாலை எடுத்து விளிம்போரம் ஒரு மில்லி அளவு விட்டு, ஐந்து நிமிடம் பொறுத்து, பல் நூலை அடியில் கோத்து அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுங்கள். பேட்டரி வளையும்படி நெம்பாதீர்கள். வளைந்தாலோ குத்துப்பட்டாலோ, இனிப்பான ரசாயன வாடை வந்தாலோ அதை மறுபடி பயன்படுத்த வேண்டாம். புகைந்தால் வெளியே எறிந்து கொட்டுவதற்கு ஒரு சட்டி உலர்ந்த மணலைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

போர்டு, சார்ஜிங் சப் போர்டு, ஸ்பீக்கர், வைப்ரேட்டர், பக்கப் பொத்தான் ஃப்ளெக்ஸ், ஆன்டெனா வயர், காது ஸ்பீக்கர் என்று எல்லாமே புதியதற்குப் போக வேண்டும். பலர் மறப்பது சின்னச் சின்ன ரப்பரும் வலையும்தான். காது ஸ்பீக்கர் வலையை விட்டால் தூசி புகும். அருகாமை சென்சாரைச் சுற்றியுள்ள கறுப்பு ரப்பரை விட்டால், அழைப்பு வந்ததும் திரை இருண்டு பேசி முடித்த பிறகும் வெளிச்சம் வராது, ஏனென்றால் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியையே சென்சார் உங்கள் கன்னம் என்று நினைக்கும். பக்கப் பொத்தான் ஃப்ளெக்ஸைப் பழைய சட்டத்திலிருந்து உரிக்கும்போது வெந்நீர்ப் பையை ஒரு நிமிடம் மேலே வைத்து எடுத்தால் பசை இளகும்.

எல்லாம் பூட்டிய பிறகு மூடுமுன் இன்னொரு முறை ஆன் செய்து, சார்ஜ் ஏறுகிறதா, சிம் எடுக்கிறதா, பேச்சு இருபக்கமும் கேட்கிறதா என்று பாருங்கள். கைரேகை ஃப்ளெக்ஸை இணைத்துவிட்டு மூடியை அழுத்துங்கள்.

ஃப்ரேம் இல்லாதது மட்டுமே கிடைத்தால்

அப்போது போர்டையும் பேட்டரியையும் வெளியே எடுத்துவிட்டுத்தான் சூடாக்க வேண்டும். ஹேர் டிரையர் இருந்தால் நல்லது. இன்வெர்ட்டரில் அதை ஓட்டாதீர்கள். மின்சாரம் இல்லாத நாளில் வெந்நீர்ப் பை உதவும். கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், ஊட்டியில் அதற்கும் ஒன்றிரண்டு டிகிரி முன்னதாக. கொதி அடங்கியதும் பையில் ஊற்றி, துணி எதுவும் சுற்றாமல் கண்ணாடி மேல் ஐந்து நிமிடம் வைத்தால், 70 டிகிரிப் பக்கம் இளகும் பசைக்குப் போதும். ஆறும்போது மறுபடி வையுங்கள். மெல்லிய அட்டையால் விளிம்போரம் அறுத்து, ஃப்ளெக்ஸ் வரும் பக்கத்தைக் கடைசிக்கு விடுங்கள்.

சட்டத்தில் பழைய பசைத் துணுக்கு ஒன்று மிச்சமிருந்தாலும் திரை மட்டமாக உட்காராது. ஆல்கஹாலில் நனைத்துச் சுரண்டி, விரலால் தடவிப் பாருங்கள். பி-7000 பசையை விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் கோடாக ஓட்டுங்கள். காது ஸ்பீக்கர், சென்சார் பக்கம் அதையும் பாதியாக்குங்கள். ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை கூடாது. அதன் ஆவி கண்ணாடியிலும் கேமராவிலும் வெள்ளையாகப் படியும், அடுத்த முறை திறக்கவும் முடியாது. பி-7000 கரைப்பான் ஆவியாகி இறுகும் பசை என்பதால் சமவெளியில் ஒரு நாளில் ஆவது இங்கே இரண்டு நாள் எடுக்கும். நான்கைந்து ரப்பர் பேண்டை அட்டைத் துண்டு வைத்துப் போட்டு, 48 மணி நேரம் விடுங்கள். இறுக்கமாகப் போட்டால் எல்சிடியில் மஞ்சள் திட்டு விழும். அரிசி டப்பாவில் போட்டு வைக்கும் பழக்கம் வேண்டாம், மாவுத்தூள் துளைகளில் ஏறும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைப்பதே சரி.

முடித்த பிறகு தொந்தரவு கொடுத்தால்

போன் அதிர்கிறது, சத்தம் வருகிறது, படம் மட்டும் இல்லை என்றால் டிஸ்ப்ளே கனெக்டர் சரியாக உட்காரவில்லை. எந்த அசைவுமே இல்லை என்றால் பேட்டரி கனெக்டரையும் பவர் பொத்தான் ஃப்ளெக்ஸையும் பாருங்கள். டச் தானாக ஓடினால் முதலில் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சார்ஜ் போடும்போது மட்டும் ஓடினால் குற்றம் சார்ஜருடையது. எப்போதும் ஓடினால், எர்த் ஆகும் தகட்டின் திருகு ஒன்று விட்டுப் போயிருக்கும், இல்லையென்றால் டிஸ்ப்ளே மட்டமானது. சிக்னல் குறைந்தால் ஆன்டெனா வயரின் வட்ட முனை பூட்டவில்லை. நம் ஊர் மேடு பள்ளத்தில் சிக்னல் ஏற்கெனவே இடத்துக்கு இடம் மாறும், அதனால் வேலைக்கு முன் வீட்டின் ஒரே இடத்தில் எத்தனை கோடு காட்டியது என்று குறித்து வைத்திருந்தால் ஒப்பிடலாம்.

பழைய திரையைச் செய்தித்தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டுங்கள். வீட்டுக் குப்பையோடு சேர்க்காதீர்கள். கோத்தகிரியில் குப்பையைக் கிளறுவது இரவில் கரடி, பகலில் குரங்கு, கண்ணாடிச் சிம்பு அவற்றின் வாயில்தான் போய்ச் சேரும். பழைய பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி, பெட்டியோடு மின்கழிவு வாங்கும் கடையில் கொடுத்துவிடுங்கள்.